அதே கரிதான், அம்மணி

சரவணம்பட்டி,
2 ஜூலை 2025

மாமாவுக்கு, புவனா எழுதிக்கொள்வது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதி லோடு வண்டியில் கொடுத்துவிடுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. மூன்றாவது நிமிஷம் உங்கள் மகன் போனைப் பிடுங்கி, "உடுங்கப்பா, அவளுக்குத் தூக்கமில்லை" என்று என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. அதனால்தான் கடிதம்.

நிதீஷின் காதுகுத்து அன்று பந்தியில் உட்கார்ந்து, "எம் மருமவ போபால்ல ஊரையே கொன்ன கேசைச் சரவணம்பட்டியில காச்சிட்டிருக்கறா" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டுமா? அவிநாசிப் பெரியம்மா அன்றிலிருந்து என் கையால் காபி வாங்கிக் குடிப்பதில்லை.

மாமா, நான் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. மெத்தை நுரை, கார் பெயின்ட், செருப்பின் அடிப்பாகம், இதற்கெல்லாம் ஐசோசயனேட் என்று ஒரு ரசாயனம் வேண்டும். போபாலில் கசிந்ததும் அந்த இனம்தான். அதைச் செய்யப் பெரும்பாலான இடங்களில் பாஸ்ஜீன் என்ற வாயுவைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் உலகப் போரில் எதிரிப் படையைக் கொல்ல விட்ட வாயு. எங்கள் லேபில் அது ஒரு மூச்சுகூடக் கிடையாது. நாங்கள் அமீன் என்ற ஒன்றையும் டைமெத்தில் கார்பனேட் என்ற இன்னொன்றையும் சேர்த்து, கார்பமேட் என்று ஒரு வெள்ளைப் பொடி எடுக்கிறோம். அதுதான் ஐசோசயனேட்டுக்கு முந்தைய படி. பொடியாக மூட்டை கட்டி வைத்துக்கொள்ளலாம். வேண்டுகிற இடத்தில், வேண்டுகிற அளவு மட்டும் சூடாக்கி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த இரண்டையும் சும்மா கலந்தால் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. நடுவில் துத்தநாகம் ஏற்றிய கரி இருக்க வேண்டும். அதற்கு வினையூக்கி என்று பெயர். கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்துவிட்டுத் தான் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் ஒதுங்கிவிடும்.

அந்தக் கரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். வெளியில் வாங்கிய நான்கு கரியிலும் பலன் நூற்றுக்கு இருபதைத் தாண்டவில்லை. போன மாதம் உங்கள் கரிக் கம்பெனியிலிருந்து வந்த தேங்காய்ச் சிரட்டைக் கரியில், நீங்கள் தொட்டிக் கரி என்பதில், தொண்ணூற்றொன்று வந்தது! எங்கள் தலைவர் கிருபாசங்கர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

செப்டம்பர் 12 அன்று மேலிடத்துக் கூட்டம். அதற்குள் தொடர்ந்து மூன்று முறை தொண்ணூறு காட்ட வேண்டும். காட்டினால் இந்த ஆராய்ச்சி நீடிக்கும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள், என் வேலையும் அதோடு போகும். அப்படிப் போனால் நிதீஷைத் தூக்கிக்கொண்டு ஆனைமலைக்கே வந்து உங்கள் கம்பெனி ஆபீசைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். சொன்னதிலிருந்து மாற மாட்டேன். தோற்கவும் எனக்கு எண்ணமில்லை.

வந்தது ஒரே மூட்டை, தீர்ந்துவிட்டது. அதே கரி இன்னொன்று அனுப்பிவையுங்கள்.

உங்கள் கரிக் கொட்டகைக்குள் குழந்தையைத் தூக்கிப் போகக்கூடாது என்று காதுகுத்து அன்றைக்கு நான் சொன்னது உங்களை அவமதிக்க அல்ல. தரையெல்லாம் தூசியும் சாம்பலும். அவன் எதை எடுத்தாலும் வாயில் வைக்கிறான்.

புவனா

பி.கு. அவனுக்கு நேற்று ஏழு தும்மல். காது குத்தினதால் தும்மல் வருமா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.


ஆனைமலை
6.7.25

அம்மணி புவனாவுக்கு மாமனார் தம்பிதுரை எழுதறது. கடுதாசி வந்தாக் கடுதாசியிலதான் பதில் போடோணும், அதான் மொறை. பேனா தேடவே அரை நாளாயிப்போச்சு.

பந்தியில நாஞ்சொன்னது பெருமைக்குச் சொன்னது. ஊருக்குள்ள அத்தனை பேரு மருமகளும் கம்ப்யூட்டர் தட்டறாங்க. எம்பட மருமக மட்டும் கேசு காச்சறான்னா அது பெருமையில்லீங்களா? காச்சலைன்னு நீ இப்ப எழுதித்தான் தெரியுது. இனிமே பந்தியில சொல்லறதுக்கு எனக்கு என்ன இருக்குது?

தரகர் ஒண்ணும் எடுத்துக்காம ஒதுங்குவார்னு எழுதியிருக்கறே. அறுவத்திரண்டு வருசத்துல அப்பிடி ஒரு தரகரை நான் பாக்கலை. கெடைச்சா அட்ரஸ் அனுப்பு.

கொட்டகை விசயத்தை மட்டும் நான் மறக்கலை. அந்தத் தூசியைத் தின்னுபோட்டுத்தான் உம்புருசன் காலேஜ் படிச்சான். அவனுக்கு என்ன கொறைச்சல்? கொஞ்சம் வாய் பேசமாட்டான், அது தூசியினால இல்லை.

தொண்ணூத்தொண்ணா? நெசமாவா? கடுதாசியை ரெண்டு தரம் படிச்சேன். இந்த வண்டியிலயே மூட்டை வருது. அதே கரிதான், அம்மணி. அதே உலை, அதே தொட்டி.

தும்மலுக்கும் காதுக்கும் சம்பந்தமில்லையாமா. ஏழு தும்மலை உக்காந்து எண்ணறவளுக்குத்தான் வைத்தியம் பாக்கோணும்னு உங்கத்தை சொல்றா. பச்சப்பயறு மாவு குடுத்துட்டிருக்கறா. குளிக்க ஊத்தறப்பப் போடு.

தம்பிதுரை


சரவணம்பட்டி,
19 ஜூலை 2025

மாமாவுக்கு,

மூட்டை வந்தது. கரி அருமை. கையில் எடுத்தால் தூசியே ஒட்டவில்லை, வெயிலில் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுகிறது. லேபில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த முறை பலன் கொஞ்சம் குறைவுதான். அது உங்கள் கரியின் குற்றமில்லை, என் கைத்தவறாகத்தான் இருக்கும். அன்றைக்கு நிதீஷுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். சூடேற்றி நிறுத்தின நேரத்தில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. எதையோ முன்னே பின்னே செய்திருப்பேன்.

எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, மாமா. லேபிலிருந்து கிளம்பும்போது ஒரு குளியல், வீட்டுக்கு வந்ததும் ஒரு குளியல், அவனைத் தூக்குவதற்கு முன் சந்தேகத்துக்கு ஒரு குளியல். பாஸ்ஜீன் இல்லாத லேபில் வேலை செய்துவிட்டு இவ்வளவு. அவனோ, சோப்பு வாசத்தோடு வருகிற இந்தப் பெண் யார் என்று பார்த்துவிட்டு அவன் அப்பாவிடம் தாவுகிறான்.

கேட்கவே சங்கடமாக இருக்கிறது. இரண்டு மூட்டையும் ஒரே மாதிரி செய்தவைதான் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். "பொருள் கொடுக்கறவங்க எழுதிக் குடுக்கோணும், அதான் ரூல்சுங்க" என்கிறார் கிருபாசங்கர் சார். "எங்க மாமனாருங்க சார்" என்றேன். "அப்படின்னா ரெண்டு கையெழுத்து வாங்கிருங்க" என்றார்.

முடிந்தால் இன்னொரு மூட்டை. அதே கரி.

புவனா

பி.கு. பல் கீழே ஒன்றுதான் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாலு. இது சரிதானா?


ஆனைமலை
24.7.25

அம்மணிக்கு,

கையெழுத்து ரெண்டும் போட்டு, முத்திரையும் குத்திப்போட்டேன். இதோட வெச்சிருக்கறேன். நாப்பது வருசமாக் கரி போடறேன், தம்பிதுரை கரியை எவனும் எழுதிக் குடுன்னு கேட்டதில்லை. உங்க சாரு கேக்கறாருங்க, மருமக வாங்கித் தரோணும்ங்கறா, போட்டாச்சுங்க. ரொம்பச் சந்தோசமுங்க.

(கோவம் வந்தா எனக்கு இந்த 'ங்க' தானா வந்துரும். கண்டுக்காதே.)

மூணாவது மூட்டை வருது. அதே கரிதான். பிரிச்சுப் பாத்தா உனக்கே தெரியும்.

நீ தரையைப் பத்தி எழுதுனதைப் படிச்சதுலருந்து உங்கத்தை சும்மா இல்லை. கொட்டகை கூட்டற நம்ம சாமியாத்தாளைச் சேத்து வெச்சுக்கிட்டு, கொட்டகை முச்சூடும் சோப்பு போட்டுக் கழுவிப்போட்டா. இப்ப அங்க எலை போட்டுச் சோறு திங்கலாம். கரி அள்ளறவனுக வழுக்கி வழுக்கி உளுகறானுக.

ஒரு பல்லு போதும். மீதி வரும்.

தம்பிதுரை


சரவணம்பட்டி,
9 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒருவர் மனதாரக் கொடுத்த பொருளை, அதுவும் மாமனார் கொடுத்ததை, சரியில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும். ஆனால் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் மகனிடம் சொன்னால் "எல்லாம் சரியாயிரும்" என்கிறார். அவர் சார்ஜரைத் தொலைத்தாலும் அதைத்தான் சொல்கிறார்.

முதல் மூட்டை தொண்ணூற்றொன்று. இரண்டாவது ஐம்பத்தெட்டு. மூன்றாவது முப்பத்தேழு. ஒவ்வொன்றையும் நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன்.

டைமெத்தில் கார்பனேட்டில் தண்ணீர் சேர்ந்துவிட்டதோ என்று புது பாட்டில் உடைத்தேன். துத்தநாகம் சரியாக ஏறவில்லையோ என்று மறுபடி ஏற்றினேன். வெப்பமானி பொய் சொல்கிறதோ என்று மூன்று வெப்பமானி வைத்தேன். மூன்றும் ஒரே உண்மையைச் சொல்லின. உங்கள் கரி மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூட்டைக்கு மூட்டை இன்னும் நன்றாக அல்லவா இருக்கிறது!

நேற்று கிருபாசங்கர் சார் கதவைச் சாத்திவிட்டு ரொம்பத் தன்மையாகக் கேட்டார்: "புவனா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மொதல் ரீடிங்... அன்னைக்கு நீங்க தூங்கியிருந்தீங்களா?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன்மையாகக் கேட்டதுதான் தாங்கவில்லை. தொண்ணூற்றொன்று என்பதே நான் அரைத்தூக்கத்தில் எழுதின எண் என்று லேபில் பேச்சு. முதல் மூட்டையில் ஒரு கைப்பிடி மிச்சமிருந்தால் காட்டியிருப்பேன். எல்லாவற்றையும் உற்சாகத்தில் தீர்த்துவிட்டேன்.

நாலாவதாக ஒரு மூட்டை அனுப்புவீர்களா? கடைசி.

புவனா


ஆனைமலை
14.8.25

அம்மணிக்கு,

மூட்டை அனுப்பியாச்சு. இதுக்கு மேல ஒரு கரி இந்தத் தேசத்துல கெடையாது. அதே கரிதான்.

ஒடம்பைப் பாத்துக்க. வேலை போச்சுன்னாப் போவுது. ஆபீசு ரூமுக்கு ஏசி மாட்டிப்போட்டேன். தொட்டில் கட்ட மேல கொக்கியும் அடிச்சாச்சு. சும்மாதான் அடிச்சு வெச்சேன், நீ வந்தாத்தான்னு இல்லை.

தம்பிதுரை


சரவணம்பட்டி,
27 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

பன்னிரண்டு.

நூற்றுக்குப் பன்னிரண்டு. தெருவில் வாங்கிய கரியைவிடக் குறைவு.

முதல் முறை நான்தான் ஏதோ தப்பாக எடை போட்டிருக்கிறேன் என்று இப்போது நானே நம்பத் தொடங்கிவிட்டேன். குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான், தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கையெழுத்தையே நம்ப முடியவில்லை.

12ஆம் தேதி கூட்டம் முடிந்ததும் வந்துவிடுகிறோம். ஏசிக்கு நன்றி. கொக்கி தொட்டிலைத் தாங்குமா என்று மட்டும் ஒருமுறை தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புவனா


ஆனைமலை
4.9.25

அம்மணி,

இதை நீ உக்காந்துக்கிட்டுப் படி. பேரனைக் கீழ எறக்கி உட்டுட்டுப் படி.

மொதல் மூட்டையில நாங் குடுத்தது கரியே இல்லை. கொட்டகையில கூட்டுனது.

காதுகுத்து முடிஞ்சு மூணாம் நாளு. நாலு சனத்துக்கு முன்னால பேரனைக் கொட்டகைக்குள்ள உடமாட்டேன்னு நீ சொன்னது எனக்கு நெஞ்சுக்குள்ளயே கெடந்துது. அன்னைக்குப் பாத்து சுரேந்தரு போன் பண்ணி, "அப்பா, புவனாவுக்கு ஒரு மூட்டை கரி வேணுமாமா"ன்னான். நாஞ் சாமியாத்தாளைக் கூப்புட்டு, "பாய்லர் வாய்ப்பக்கம் கூட்டி ஒதுக்கி வெச்சிருக்கறயே, அதை ஒரு மூட்டை கட்டு. கேசு காச்சறதுக்கு இது போதும்"னேன். அதுல பாதி ஒடைஞ்ச கரி, பாதி பாய்லருக்குப் போட்டு எரிச்ச தேங்கா மட்டைச் சாம்பல். ரெண்டு பீடித்துண்டும் இருந்திருக்கும்.

பத்து நாளுல நீ எழுதறே, உலகத்துல இல்லாத கரி, தொண்ணூத்தொண்ணுன்னு. எனக்குக் கூசிப்போச்சு. குப்பைக்கே தொண்ணூத்தொண்ணுன்னா நல்ல கரிக்கு நூத்தைத் தாண்டுமேன்னு நெனச்சேன். தாண்டாதுன்னு உம்புருசன் அப்பறம் சொன்னான். ரெண்டாவது மூட்டைக்கு மொதல் ரகம் எடுத்து ரெண்டு தரம் அலசி அனுப்புனேன். மூணாவதை நாலு தரம் அலசுனோம். நாலாவதுக்குக் கேன் தண்ணி வரவெச்சு, உங்கத்தை அம்பது எலுமிச்சம்பழம் புளிஞ்சு ஊத்தி, ஊற வெச்சு, கழுவி, வெள்ளை வேட்டியில பரப்பிக் காய வெச்சா. கடவுளுக்குக்கூட இப்பிடிச் செஞ்சதில்லை.

நல்லாக் கழுவி அனுப்பறேன்னு எழுதலாம். எழுதுனா, அப்ப மொதல்ல அனுப்புனது என்னங்க மாமான்னு நீ கேப்பே. அதான் ஒவ்வொரு தரமும் அதே கரிதான்னு எழுதுனேன். கையெழுத்தும் போட்டேன், முத்திரையும் குத்துனேன்.

ஆகஸ்டுல நீ அம்பத்தெட்டு, முப்பத்தேழுன்னு எழுதுனப்பவே எனக்குள்ள ஒரு மாதிரி ஆச்சு. நல்லாக் கழுவி ஒரு தரம் பாத்துருவோம்னு எனக்கே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பன்னெண்டுன்னு எழுதுனப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் ஒரு வாரம் கம்முனு இருந்தேன். நீ தோத்தாப் பேரன் இங்க வருவான். நாந்தான் அந்தக் கொக்கியில தொங்கிப் பாத்தேன். தாங்குது.

நேத்து உங்கத்தைகிட்டச் சொல்லிப்போட்டேன். "ஏனுங்க, அந்தப் புள்ளை தன் கையெழுத்தையே நம்பாம உக்காந்திருக்கறா, நீங்க ஏசிக்குக் கவரு தெச்சுட்டிருக்கறீங்களா?"ன்னா. நானே எழுதறேன்னு சொன்னேன். "இன்னைக்கு எழுதலீன்னா மாசாணியாத்தா கோயில்ல போயி மொளகா அரைச்சு அப்பிப்போட்டு வந்துருவேன்"னா. ஊரே திருடனைப் புடிக்கறதுக்கு அரைக்கற மொளகாயை ஊட்டுக்காரனுக்கு அரைக்கறேங்கறா. எழுதிட்டேன்.

உன்ற கணக்குச் செரி. உன்ற கண்ணுஞ் செரி. நாந்தான் தப்பு.

தம்பிதுரை


சரவணம்பட்டி,
5 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

வண்டி திரும்பக் கிளம்புவதற்குள் எழுதுகிறேன். டிரைவர் கீழே ஹாரன் அடிக்கிறார்.

குப்பையைக் கொடுத்தீர்களா எனக்கு? அதை இரண்டு மாதமாக ஊரெல்லாம் புகழ்ந்திருக்கிறேன், மாமா! ஆனைமலைத் தொட்டிக் கரியின் தனிச்சிறப்பு என்று இருபது ஸ்லைடு செய்து வைத்திருக்கிறேன்! மண் வளம் என்று ஒரு ஸ்லைடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பதம் என்று ஒரு ஸ்லைடு. பீடித்துண்டுக்கு ஸ்லைடு இல்லை.

உங்கள் மேல் இருக்கிற கோபத்தைத் தனியாக வைத்திருக்கிறேன், அப்புறம் எடுக்கிறேன். முதலில் விஷயம். மட்டைச் சாம்பலைத் தென்னைக்கு எதற்குப் போடுகிறீர்கள்? பொட்டாஷுக்கு. துத்தநாகம் தனித் தரகர் இல்லை, மாமா. பொட்டாஷ் என்று கூடவே ஒரு ஆள் இருந்து பாதிப் பேச்சைப் பேசியிருக்கிறார். நீங்கள் கழுவக் கழுவ அவரை வாசலுக்குத் துரத்திக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். எலுமிச்சம்பழத்தோடு அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

நான் உங்களை மட்டும் சொல்ல முடியாது. மூட்டையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிற கருவி எங்கள் மாடியிலேயே இருக்கிறது. மாமனார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு சோதித்தால், நம்பவில்லை என்றாகிவிடுமே என்று அனுப்பாமல் இருந்துவிட்டேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அதுவும் தங்கப் பதக்கம்.

உடனே கொட்டகையில் கூட்டியதை ஒரு மூட்டை அனுப்புங்கள். கழுவ வேண்டாம். அத்தையைப் பக்கத்திலேயே விடவேண்டாம்.

இன்னொன்று. இது கஷ்டமான வேலை. நீங்கள் எழுதிக் கொடுத்த முதல் சான்று பொய் என்று இன்னொரு சான்று வேண்டும். அது இல்லாமல் தொண்ணூற்றொன்றை யாரும் நம்ப மாட்டார்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். உங்கள் பெயர் இருக்கும். யோசித்துச் செய்யுங்கள்.

புவனா


ஆனைமலை
7.9.25

அம்மணிக்கு,

கூட்டுனது இருந்தாத்தானே அனுப்பறது? அதைத்தான் உங்கத்தை சோப்பு போட்டுக் கழுவிப்போட்டாளே. அன்னையிலருந்து தெனமும் கழுவிட்டிருந்தா. நாப்பது வருசத்துக் குப்பை, பேரன் பேருல ஒரே நாளுல போச்சு.

அதனால நேத்துக் காத்தால வேலையை நிறுத்திப்போட்டு, பாய்லர்ச் சாம்பலை வாரிக் கொட்டகைத் தரையில கொட்டுனோம். மேல ஒடைஞ்ச கரியைக் கொட்டுனோம். ரெண்டையும் மிதிச்சு உட்டு, அப்பறம் கூட்டச் சொன்னேன். சாமியாத்தா வெளக்கமாத்தைக் கையில வெச்சுட்டு என்னையவே பாக்கறா. "ஏனுங்க மொதலாளி, கூட்டறதுக்குன்னே கொட்டறமுங்களா?"ன்னா. "சரவணம்பட்டி ஆர்டரு"ன்னேன். "அங்க வெளக்கமாறு இல்லீங்களா?"ன்னா. இவளுக்குப் பதில் சொல்லறதைவிடக் கம்பெனியை மூடிப்போடலாம்.

மூட்டை வருது. பீடித்துண்டு போடலை. அதுவும் வேணும்னா எழுது.

சான்று கீழ இருக்குது. நாலு தரம் கிழிச்சு அஞ்சாவது தரம் எழுதுனேன்.

'இதனால் தெரிவிப்பது யாதெனில், முதல் மூட்டையில் நான் அனுப்பியது எங்கள் கொட்டகைத் தரையில் கூட்டிய கழிவும் மட்டைச் சாம்பலும் ஆகும். அடுத்து அனுப்பிய மூன்று மூட்டைகளும் வரவரக் கூடுதலாகக் கழுவிய முதல் தரக் கரி. எல்லாம் ஒன்றே என்று நான் எழுதிக் கொடுத்தது பொய். மருமகள் மேல் இருந்த கோபத்தால் முதலாவதையும், மரியாதையால் மற்றவற்றையும் அனுப்பினேன். புவனாவின் அளவீட்டில் பிழை ஏதும் இல்லை. பெ. தம்பிதுரை.'

முத்திரை குத்தலாமான்னு யோசிச்சேன். குத்திப்போட்டேன். பொய்க்குக் குத்துனவன் நெசத்துக்குக் குத்தாம இருந்தா நல்லா இருக்காது.

தம்பிதுரை


சரவணம்பட்டி,
13 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

முதலில் எண்கள். நீங்கள் கொட்டிக் கூட்டியதில் எண்பத்தொன்பது. எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவின நாலாவது மூட்டையில் முன்போலவே பன்னிரண்டு. பிறகு அதே நாலாவது மூட்டைக் கரியில், கடையில் கிடைக்கிற சுத்தமான பொட்டாஷை எடை போட்டுச் சேர்த்துச் செய்தேன். தொண்ணூற்று மூன்று. மறுநாளும் தொண்ணூற்று மூன்று. மூன்றாம் நாள் தொண்ணூற்று நான்கு.

உங்கள் கரி கெட்டதில்லை, மாமா. இருக்கிறதிலேயே அதுதான் நல்ல கரி. அதோடு சேர வேண்டியது சேரவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் கூட்டத்தில் கிருபாசங்கர் சார் உங்கள் சான்றை எழுந்து நின்று படித்தார். 'மருமகள் மேல் இருந்த கோபத்தால்' என்று வந்ததும் சென்னையிலிருந்து வந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். போச்சு என்று நினைத்தேன். "இன்னொரு தடவை படிங்க" என்றார். மறுபடி படித்தார்கள். "இருபத்தைஞ்சு வருஷமா சப்ளையருங்க கடிதம் படிக்கிறேன், உண்மையை எழுதின ஆள் இவர் ஒருத்தர்தான்" என்றார். பிறகு ஆராய்ச்சி ஒரு வருஷம் தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிருபாசங்கர் சார் வெளியே வந்து, "நான் அன்னைக்குக் கேட்டது..." என்று இழுத்தார். "தூங்கலீங்க சார், ஆனா கண்ணு நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்றேன். இவ்வளவு நாள் அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

ஆக, நாங்கள் இப்போது ஆனைமலைக்கு வரவில்லை. இந்த வரியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அதுதான் அர்த்தம். உண்மையைச் சொன்ன அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நிதீஷ் இப்போது உங்கள் வீட்டில் இருப்பான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துதான் எழுதினீர்கள்.

ஆயுத பூஜைக்கு வந்து ஐந்து நாள் இருக்கிறோம். ஐந்து போதாதென்றால் சொல்லுங்கள், ஆறாக்கப் பார்க்கிறேன்.

இனிமேல் கூட்டியது அனுப்ப வேண்டாம். கழுவின கரி போதும்.

புவனா

பி.கு. இரண்டாவது பல் வந்துவிட்டது. வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து வருகிறது. கவலைப்படலாமா?


ஆனைமலை
17.9.25

அம்மணிக்கு,

தொண்ணூத்தி நாலு. ஊருல ஆறு பேருகிட்டச் சொல்லிப்போட்டேன். மொதல்ல என்ன அனுப்புனேங்கறதையும் சேத்துத்தான் சொன்னேன். மெட்ராசுப் பெரியவருக்குத் தெரிஞ்சது பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குத் தெரியாம இருந்தா நாளைக்கு ஒரு மாதிரிப் பேசுவான்.

ஆறு நாளு ஆக்கு. ஏழுன்னாலும் யாரும் வெரட்ட மாட்டோம். ஏசி ரூமுல இப்போதைக்கு நாந்தான் மத்தியானத்துல படுத்திருக்கறேன். குளுருது.

பல்லு சாஞ்சு வந்தா நிமுந்துக்கும். உங்கத்தை நீ எழுதுன ஒடனே கவலைப்பட ஆரம்பிச்சுட்டா, அதனால நீ படவேண்டாம்.

கூட்டறதை நிறுத்துன்னு எழுதியிருக்கறே. உன்ற அஞ்சாந்தேதிக் கடுதாசி வந்ததுலருந்து அது நிக்கவே இல்லை. எத்தனை வேணும்னு நீ சொல்லலையே. தெனம் சாம்பலைக் கொட்டறதும் கூட்டறதுமா நாலு மூட்டை கட்டி, பேரு எழுதி, மழை படாம அடுக்கி வெச்சிருக்கறேன். உங்கத்தை தென்னைக்குப் போடுங்கறா. நாங் கையை வெக்க உடலை.

காத்தால சாமியாத்தா வந்து கேட்டா: "அங்க வேண்டாம்னு எழுதீட்டாங்களாமே, இனி நிறுத்தீரலாமுங்களா?"

"நீ கூட்டு"ன்னேன். "அந்தப் புள்ளை அடுத்தாப்பல என்ன கேப்பான்னு ஆருக்குத் தெரியும்?"

தம்பிதுரை